‘எஜுகேட்டட்’ இல்லாமல் போன வரன் விளம்பரம்

“...எட்டாவது வரைக்கும்தாம்மா. மிச்சத்த என் தம்பி படிச்சான்,” என்றாள் ரெஜினா.

அவள் இதைச் சொன்ன இடம் என் கடை. அம்பத்தூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் விலா எலும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த சின்ன அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, மேலே ‘இங்கு வரி விளம்பரங்கள் பெற்றுக்கொள்ளப்படும்’ என்று ஒரு பலகை. கேட்டது பாரிவாக்கத்திலிருந்து வந்திருந்த சவரியம்மா. பக்கத்தில் பெஞ்சு மேல் அவருடைய ஒயர் கூடை, கையில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. ரெஜினா சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மாள் துண்டைப் பார்த்தார், ரெஜினாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேசையில் பார்க்க வேறு எதுவும் இல்லாததால் நான் பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன்.

ரெஜினா அடுத்து என்ன செய்தாள் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆனால் அதை இப்போதே சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

இன்றைக்கு இந்தத் திருமணத் தகவல் ஆபீசில் பிள்ளைகள் நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து வரன் விவரங்களைப் பூர்த்தி செய்கிறீர்கள். படிப்பு என்ற கட்டத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் விழுகிறது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. நாங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சீட்டில் கையால் எழுதி, வெள்ளிக்கிழமை பையில் போட்டு, மின்சார ரயிலில் பட்டணத்துக்கு அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பேப்பரில் அது வரும். வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் இங்கிலீஷில் எழுதுவேன். பத்தாவதில் இங்கிலீஷில் தவறியவன் நான். விளம்பரங்களைப் படித்துப் படித்தே அந்த பாஷையைக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு இங்கிலீஷில் வீடு வாடகைக்கு விடத் தெரியும், பெண் பார்க்கத் தெரியும், பழைய ஸ்கூட்டர் விற்கத் தெரியும். வேறு எதையும் பேசச் சொன்னால் தெரியாது.

விளம்பரத்துக்கு வார்த்தைக் கணக்கில் காசு. ஆகவே எல்லாரும் வார்த்தையை வெட்டுவார்கள். சிவந்த நிறம் போகும், உயரம் போகும், ‘மரியாதையான குடும்பம்’ போகும். ஒரு வார்த்தையில் மட்டும் கை வைக்க விடமாட்டார்கள். எஜுகேட்டட். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சொல்வார்: “ஓட்ட இல்லாத வடையும் எஜுகேட்டட் இல்லாத வரனும் எங்கனா பாத்துகிறியா நைனா?” நான் பார்த்ததில்லை.

வரனில் மட்டும் இல்லை. மேனாம்பேட்டில் ஒருவர் தன் வீட்டின் பின் போர்ஷனை வாடகைக்கு விட வந்தார். ‘எஜுகேட்டட் ஃபேமிலி ஒன்லி’ என்று போடச் சொன்னார். எது வரை படித்திருக்க வேண்டும் சார் என்று கேட்டேன். “படிப்பு யாருக்கு வேணும்? ராத்திரியில அம்மி அரைக்கக் கூடாது, அவ்ளோதான்,” என்றார். இன்னொருவரும் அதே மூன்று வார்த்தையைத்தான் போட்டார். அவருக்கு வருகிறவர்களின் ஜாதி தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவருக்கு வாய் கூசியது. எஜுகேட்டடுக்குக் கூச்சம் கிடையாதே, அது அவருக்காகப் போய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டது. டிரைவர் தேவை என்றால் எஜுகேட்டட் டிரைவர். அதற்கு அர்த்தம், பஸ் போர்டு படிக்கத் தெரிந்தவர். ஒரு முறை காணாமல் போன வெள்ளைப் பொமரேனியன் நாய்க்கு அந்த வார்த்தையைப் போடச் சொன்னார் ஒரு ரிட்டயரான ஆபீசர். பழக்கிய நாய் என்று போடலாமே சார் என்றேன். “நோ, நோ. அது இங்கிலீஷ்ல சொன்னாத்தான் உக்காரும்,” என்றார். போட்டேன். நாய் கிடைத்தது. கொண்டுவந்து விட்டவன் அதனிடம் வழியெல்லாம் தமிழில்தான் பேசியிருக்கிறான், அதுவும் நன்றாகவே கேட்டிருக்கிறது.

இப்படி ஒரு வார்த்தை எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும்போது அதன் மேல் நமக்குக் கவனம் போய்விடும். உப்பு மாதிரி கை தன்னால் எடுத்துப் போட்டுவிடும். வரன் விளம்பரத்தில் நான் அதை யாரையும் கேட்டுப் போட்டதே இல்லை. சீட்டின் முதல் வரியில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், மற்றவற்றைத்தான் கேட்டு எழுதுவேன்.

ரெஜினாவின் தம்பி அமலன் முதல் விளம்பரத்தைக் கொடுக்க வந்தபோதும் அப்படித்தான்.

அமலன் ஆவடியில் ஒரு பேங்கில் கிளார்க். கசங்காத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் சுத்தமான தமிழ். வெள்ளானூர்ப் பக்கம் கழனி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். அப்பா அம்பத்தூருக்கு வந்து தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கினார். அவர் தவறிப்போனதும் ரெஜினா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றும் கம்பெனியில் சேர்ந்தாள். தம்பி படித்தான். இப்போது அவள் அங்கே லைன் லீடர். ஒரு வரிசைப் பெண்கள் அவள் கண்ணைப் பார்த்து வேலை செய்வார்கள். வயது முப்பதைத் தொட இருந்தது. அமலனுக்கும் ஒரு இடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அக்காவுக்கு ஆகட்டும், பிறகு தேதி வைக்கலாம் என்று பெண் வீட்டார் காத்திருந்தார்கள். காத்திருக்கிறோம் என்பதை வாரா வாரம் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தார்கள்.

‘ஆர்.சி., எஜுகேட்டட், ஹோம்லி, எம்ப்ளாய்ட்’ என்று விளம்பரம் வந்தது. பெயருக்குப் பதிலாக ஒரு பாக்ஸ் நம்பரும் என் கடை விலாசமும்தான் அதில் இருக்கும், பதில்கள் அங்கே கட்டாக வந்தன. அமலன் தேர்ந்தெடுத்த முதல் இடம் பெண் பார்க்க வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை ரெஜினா வாயாலேயே கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷிஃப்ட் முடிந்து நேராக என் கடைக்கு வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்த கோடு.

“அண்ணாத்தே, நீங்கதான் நம்ம அமலன் குட்த்த விளம்பரத்த எழுதினீங்களா?”

“ஆமாம்மா.”

“நல்லா எழுதிகிறீங்க. வந்தாங்க. மாப்பிள்ளையோட அக்கா கேட்டாங்க, எந்தக் காலேஜுன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நம்மாளு ‘தபால்ல பி.ஏ.’ங்கறான். சரி, மேஜர் சப்ஜெக்ட் இன்னான்னு கேட்டாங்க. எனக்கு வேற இன்னா தெரியும்? காப்பர்னேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

“கெமிஸ்ட்ரின்னு நெனச்சிகினு கேசரி துன்னுட்டுப் பூட்டாங்க. அப்புறம் எங்க கம்பெனியில வேல செய்ற ஒருத்தி மூலமா விசயம் போயிடுச்சி. ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல, பூச முடிஞ்சி நிக்கற கூட்டத்துல, அந்தப் பையனோட அம்மா சொல்றாங்க, ‘பீலா வுட்டுப் பொண்ணக் கட்டப் பாத்தாங்க’ன்னு. யாரு வுட்டா பீலா? நான் காப்பர்னு உண்மையத்தான் சொன்னேன்.”

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கோயில் வாசலில் சின்ன வயதில் அவளோடு சேர்ந்து முதல் நன்மை எடுத்தவர்கள், அவள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவர்கள், அவள் லைனில் உட்காருகிறவர்கள் எல்லாரும் நின்றிருந்திருக்கிறார்கள்.

“இப்ப இன்னொரு தபா போடப் போறானாம். அத அப்பிடியே போடச் சொல்லிட்டானாமே?”

ஆமாம். அமலன் முந்தின நாளே வந்து, அதே வாசகம், இரண்டு ஞாயிறு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். சீட்டு என் மேசையில்தான் இருந்தது.

“அந்த ஒரு வார்த்தைய எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா எத வேணா போடுங்க. நல்லா மீன் கொழம்பு வெப்பான்னு கூடப் போடுங்க. அது உண்ம.”

இங்கேதான் என் தலைவலி தொடங்கியது. எங்கள் தொழிலில் சட்டம் ஒன்றுதான்: கையெழுத்து யாருடையதோ விளம்பரம் அவருடையது. வரன் விளம்பரத்துக்கு அப்பா வருவார், மாமா வருவார், அண்ணன் வருவான். பெண் வரவே மாட்டாள். அதனால் பெண்ணே வந்து திருத்தச் சொன்னால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. எடுத்தால் அமலன் பட்டணத்து ஆபீசுக்குப் புகார் எழுதுவான், என் ஏஜென்சி போகும். எடுக்காவிட்டால் இந்தப் பெண் மறுபடியும் யாரோ ஒருவர் முன்னால் தட்டை நீட்டிவிட்டு எந்தக் காலேஜ் என்ற கேள்விக்காகக் காத்திருக்க வேண்டும். பை எடுக்கிறவர் சாயந்தரம் வந்துவிடுவார்.

மருந்துக் கடை போனிலிருந்து அமலனின் பேங்குக்குப் பேசினேன். அக்கா இங்கே இருக்கிறார், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றேன். ஆவடியிலிருந்து ரயில் பிடித்து வந்தான். வரும்போதே முகம் சிவந்திருந்தது.

“அக்கா, நீ ஏன் இங்க வந்த?”

“நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்.”

“சார், நீங்க அனுப்பிடுங்க. கையெழுத்து என்னோடது.” என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “ஞாயித்துக்கிழமை பேப்பரை எடுத்துப் பாரு. அந்த வார்த்தை இல்லாம ஒரு பொண்ணு இருக்காளா? அது இல்லன்னா உனக்கு ஏதோ குறைன்னு நினைப்பாங்க.”

“ஏதோ கொறன்னு நெனைக்கறத வுட, எட்டாவதுன்னு தெரிஞ்சிக்கட்டுமே.”

“எட்டாவதுன்னு போட்டா எட்டு பேர் கூட வரமாட்டாங்க.”

“எனக்கு எட்டு பேரு எதுக்குடா?”

பழைய ஸ்கூட்டரை விற்க விளம்பரம் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் குனிந்து செருப்பைச் சரி செய்தார்.

அமலன் குரலைத் தாழ்த்தினான். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

“சொல்லு, யாரு வேணாம்னா? ஊட்ல டி.வி. கீதுன்னு சொல்லு. அப்பாரு மேஸ்திரின்னு சொல்லு. அதெல்லாம் உன் பொய்யி, நீ சொமப்ப. இது எங்கிட்ட வந்து கேக்கறாங்கடா. நான்ல பதில் சொல்லணும்.”

அமலன் சீட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அக்காவைக் கரையேற்றாமல் தான் கல்யாணம் செய்துகொண்டால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தான். அதைவிட, அக்கா எட்டாவது என்று அச்சில் வந்தால் அதற்குக் காரணம் யார் என்று தனக்கே தெரியும் என்பதற்கும் பயந்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அவ்வளவெல்லாம் ஓடவில்லை. பையும் ரயிலும்தான் ஓடின.

அப்போது பழைய பழக்கம் ஒன்று கைகொடுத்தது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் பட்டணத்து ஆபீசில் சீட்டுகளைச் சரிபார்க்கும் ஒருவர் இருந்தார். எப்போதும் வெற்றிலை. அவர் சொல்வார்: “இங்கிலீஷ்ல எழுதிட்டு அப்படியே பையில போடாத. யாரைப் பத்தின விளம்பரமோ அவங்க காதுல, அவங்க பாஷையில ஒரு தடவை படி. வாய் எங்க இடறுதோ அங்க பிசகு.” வீடு வாடகைக்கு என்றால் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுவேன். வரன் என்றால் வந்திருக்கும் அப்பாவுக்குப் படிப்பேன். பெண்ணே எதிரில் நின்றது இதுதான் முதல் தடவை.

அமலன் கைக்கு அடியிலிருந்து சீட்டை உருவி அவனிடமே நீட்டினேன்.

“தம்பி, நீங்க சொன்னபடியே அனுப்பறேன். பையில போடறதுக்கு முந்தி படிச்சிக் காட்டறது இங்க வழக்கம். எனக்கு இங்கிலீஷ் இழுத்து இழுத்துத்தான் வரும். நீங்க அக்காவுக்குத் தமிழ்ல ஒரு தடவை படிச்சிடுங்க.”

அவன் வாங்கிக்கொண்டான். கண்ணாடியைச் சரி செய்தான். “ரோமன் கத்தோலிக்க...” என்று தொடங்கினான். “ரோமன் கத்தோலிக்க, நன்கு...”

அடுத்த வார்த்தை ‘படித்த’. அதை அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரெஜினா உதவிக்கு வரவில்லை, கேலியும் செய்யவில்லை. தன் லைனில் ஒருத்தி கம்பியைச் சரியாகச் சுற்றுகிறாளா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வையோடு நின்றாள். கேட் மணி அடித்தது. ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகப் போய் முடிந்தது. அவன் இன்னும் அந்த வார்த்தைக்கு வரவில்லை.

பிறகு சீட்டை மேசையில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தான். அடித்த கையோடு, “சொல்லு, எழுதறேன்,” என்றான்.

“எட்டாவது.”

எழுதினான்.

“லைன் லீடர்னு எழுது. காப்பர்னு எழுதாத, மறுபடியும் கெமிஸ்ட்ரிம்பாங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுதினான். மீன் குழம்பை மட்டும் நான் வேண்டாம் என்றேன், அது இல்லாமலே வார்த்தை அதிகமாகிவிட்டது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வரன் சீட்டில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பெண்ணுடையது, அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டர் விற்க வந்தவர், “இத்தோட என்னுதையும் அனுப்பிடுங்க. ஆனா சார், நான் வண்டி நல்லா ஓடுதுன்னு எழுதினேன் பாருங்க, அத ‘சுமாரா’ன்னு மாத்திடுங்க,” என்றார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் மருந்துக் கடைக்காரர் சுவரைத் தட்டினார். பட்டணத்து ஆபீசிலிருந்து போன்.

“உங்க சீட்டுல ஒண்ணு, எட்டாவதுன்னு வந்திருக்கு. தப்பா விழுந்திருக்கும்னு எஜுகேட்டட்னு மாத்திட்டோம். சும்மா தகவலுக்கு.”

பாருங்கள், யாரும் கேட்காமலே அது திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பேசுகிறவர் எனக்கு மேலே. என் ஏஜென்சியை நீட்டிக்கிறவரும் அவர்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் சிரிப்பார்.

“தப்பில்ல சார், அது அந்தப் பொண்ணு,” என்றேன்.

“என்னது?”

“அந்தப் பொண்ணு எட்டாவது சார். அவங்களே வந்து எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மாத்தினீங்கன்னா அடுத்த வாரம் உங்க ஆபீசுக்கே வருவாங்க. ஒரு லைனையே மேய்க்கற பொம்பள சார் அது.”

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. “சரி, சரி, பழையபடி போடறோம்,” என்றார். மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேச முடியவில்லை என்று நீங்கள் என்னிடம் அடிக்கடி வருத்தப்படுகிறீர்கள். எதிர்த்தெல்லாம் பேச வேண்டாம் பிள்ளைகளே. யாருடைய வாழ்க்கை அது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பாதி நேரம் அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே வந்தது. அந்தப் பக்கம் முழுக்க எஜுகேட்டட், எஜுகேட்டட் என்று வரிசையாக நிற்க, நடுவில் ஒரே ஒரு எட்டாவது. கல்யாண வீட்டில் எல்லாரும் பட்டு கட்டியிருக்க ஒருத்தி மட்டும் நூல் சேலையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அமலன் கணக்குச் சரிதான். எட்டுப் பேர் எழுதவில்லை. முதல் சில நாள் யாருமே எழுதவில்லை. ரெஜினா ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் தலையை நீட்டி, “இன்னா அண்ணாத்தே, நம்ம கட்டு எவ்ளோ ஒசரம்?” என்பாள். நான் வெறும் கையைக் காட்டுவேன். “சரி, எலி துன்னாம வெச்சிகினு இருங்க,” என்று போய்விடுவாள். குரலில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாள் கேட் திறந்த பிறகும் நகராமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் போனாள்.

அந்த வாரக் கடைசியில் சவரியம்மா வந்தார். கேட் மூடியிருந்ததால் என் கடைப் படியில் ஏறி நின்ற கூட்டத்தில் ஒருவர் என்றுதான் நினைத்தேன். கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு மடித்த துண்டை எடுத்தார். பேப்பர்த் துண்டு மேல் பொடிப்பொடியாக முடி.

“இன்னா நைனா, இது உங்க கடையில குட்த்ததுதான? எம்மவன் சலூன்ல படிச்சிட்டு, கத்திரிக்கோல வாங்கி அங்கயே வெட்டிகினு வந்துட்டான். எனக்கு எழுத்து வராது. இத எழுதினது யாருன்னு பாத்துட்டு வாம்மான்னான்.”

அந்த நேரத்தில்தான் ரெஜினா வழக்கம்போல் தலையை நீட்டினாள்.

எங்கள் தொழிலில் இன்னொரு சட்டம் உண்டு. விளம்பரம் கொடுத்தவரும் பதில் கொடுப்பவரும் கவுன்டரில் சந்திக்கக் கூடாது. பாக்ஸ் நம்பர் என்பதே அதற்காகத்தான். இரண்டு பேரும் இரண்டு முழ தூரத்தில் நிற்கிறார்கள். பெயர், விலாசம் எதுவும் சொல்லக் கூடாதும்மா, பதிலை எழுதிக் கொடுங்கள், நான் அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

“எழுதத் தெரிஞ்சா நான் ஏன் பாரிவாக்கத்துலேந்து வரேன்?” என்றார் சவரியம்மா. “நீ ஒண்ணும் சொல்ல வாணாம். பொண்ணு எப்பிடி, அத மட்டும் சொல்லு.”

ரெஜினாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. பிறகு பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, “இன்னா ஆயா, பையனுக்குப் பொண்ணு பாக்கிறியா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“பையன் இன்னா பண்றான்?”

“ஐ.டி.ஐ. முட்ச்சிட்டு ஆவடியில ஃபிட்டரா கீறான்.”

“குடியா?”

“தீவாளிக்கு.”

“நீங்க கிறிஸ்டியனாச்சே?”

“அதான், தீவாளிக்கு மட்டும். சிநேகிதப் பசங்க கூப்புடுவானுங்க.”

“கோவம்?”

“வரும். சோறு வெச்சா பூடும்.”

நான் பதில் கட்டுகளை அடுக்குவது போல் பாவனை செய்தேன். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு மாப்பிள்ளை விசாரணை நடந்ததில்லை.

“அப்புறம் இத்தினி பொண்ணு எஜுகேட்டடுன்னு போட்டுகினு கீறப்போ, இத ஏன் வெட்டினான் உன் பையன்?”

சவரியம்மா யோசித்தார். “நானும் கேட்டேன். ‘மத்தவங்கல்லாம் ஒரே மாதிரி சொல்றாங்கம்மா. இவ மட்டும் என்னிய கூப்ட்டு வெச்சி, எனக்கு இவ்ளோதான், நீ இன்னா சொல்றேன்னு கேக்கற மாதிரி கீது’ன்னான். பொறந்ததுலேந்து அவன் இவ்ளோ நீட்டாப் பேசி நான் கேட்டதில்ல.” பிறகு பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்தார். சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்கிறவளிடம் பதிலுக்கு ஒன்று கேட்பது மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். “நீ இன்னாம்மா படிச்சிகிற?”

ரெஜினா எழுந்து நின்றாள். சொல்லாமலே போயிருக்கலாம். கேட் திறக்கிற நேரம், சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அமலனை அனுப்பியிருக்கலாம்.

அவள் சொன்னதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். எட்டாவது வரைக்கும், மிச்சத்தைத் தம்பி.

சவரியம்மா துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயை மூன்று விரலால் பொத்திக்கொண்டார். அந்த விரலுக்குப் பின்னால் சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ரெஜினாவுக்கும் தெரிந்திருக்காது. ரயில் போய்விட்டது, கேட் மேலே ஏறியது, கூட்டம் மொத்தமாக நகரத் தொடங்கியது.

ரெஜினா குனிந்து பெஞ்சிலிருந்த ஒயர் கூடையை எடுத்துத் தன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினாள். “கேட்டு மறுபடியும் போட்டுடுவான். வாங்க, ஊடு அந்தாண்டதான்,” என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் சைக்கிளையும் இன்னொரு கையால் சவரியம்மாவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தாள்.